ஆடிக் காற்று வடக்கே வந்த வரலாறு

அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்று என்று நம் முன்னோர் சொன்னது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவர்க்கு மிகைமொழியாகத் தோன்றாது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்குண்டு விரைந்து புகுகின்றது. அக்காற்றினின்று மின்சாரம் எடுக்கும் பணி 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிற்று. பின்னர் முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை எனக் காற்றாலைகள் காடுபோல் பெருகின.

ஆலையை நிறுவுவதினும் அதன் மின்சாரத்தை ஆள்வதே அரிது. மின்சாரம், நெல்லைப்போல் குதிரில் கொட்டிவைக்கும் பொருளன்று. உண்டாகும் அளவும் செலவாகும் அளவும் நொடிதோறும் ஒத்திருந்தால்தான் அலைவெண் 50இல் நிற்கும். உற்பத்தி மிகுந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். அனல் நிலையத்தை மெல்ல மெல்லவேனும் கூட்டலாம், குறைக்கலாம். காற்றுக்குக் கட்டளையிடுவார் யார்? ஆனைமலையிலுள்ள காடம்பாறை நிலையம், மின்சாரம் மிகுந்த வேளையில் கீழ்த்தேக்கத்து நீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை தரவல்லது. ஆயினும் பல்லாயிரம் மெகாவாட் காற்றுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரியே.

மிகுந்ததை அண்டை மாநிலங்களுக்கு அனுப்பலாமே எனின், அதற்கும் தடை இருந்தது. வடக்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் 2006ஆம் ஆண்டிலேயே ஓரலைவாய் இணைந்துவிட்டன. தென்னகத் தொகுப்பு மட்டும் தனித்து நின்றது. சந்திரப்பூரை அடுத்த பத்ராவதி போன்ற இடங்களில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மறுபடி மாறுமின்சாரமாக்கி அப்பால் விடுவர். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்திக்கும் நிலையத்தில் சரக்கை இறக்கி மாற்றி ஏற்றிய வேலையை இரயில்வே அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏறக்குறைய அதுவே இது. இத்தனிமையில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. 2012 ஜூலை 30, 31 நாள்களில் வடபுலம் இருளில் மூழ்கியபோது தென்னகம் தப்பியது.

தீமையோ பெரிது. காற்று உச்சத்தில் வீசிய நாள்களில், கொண்டுசெல்லக் கம்பிவழி போதாமல் பல ஆலைகளை நிறுத்தி வைத்தனர். 2012, 2013 ஆண்டுகளின் காற்றில்லா மாதங்களிலோ, விடுமுறைக்கு ஊர் சென்ற நம் குடும்பங்கள் நாளில் பல மணி நேரம் விசிறியின்றித் தவித்தன. கையில் இருந்தும் பயன்படாத செல்வத்தினும் கொடிய வறுமை வேறென்ன!

2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் இடையே 765 கிலோவோல்ட் கம்பிவழி இணைந்தது. நாடு முழுவதும் ஓரலைவாயிற்று. மும்பையிலிருந்து சென்னை செல்லும் நாம் உறக்கக் கண்ணோடு கடக்கும் அவ்விரு நிலையங்களுக்கு இப்படியும் ஒரு பெருமை.

கம்பி மட்டும் போதாது. காற்று வருமுன் அறிதலும் வேண்டும். ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் வரும் என முன்கணித்து அட்டவணையிடுகின்றனர். வண்டிகளின் கால அட்டவணையோடு பழகிய நமக்கு இது புதிதன்று. ஆனால் நம் வண்டிகளின் தாமதத்தை அங்கே பொறுக்கமாட்டார்கள்!

அதன்பின் சத்தீஸ்கரின் இராய்கர் முதல் கொங்குநாட்டுப் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 6,000 மெகாவாட் சுமக்கவல்ல 800 கிலோவோல்ட் நேர்மின்வழி 2021இல் முழுமை பெற்றது. காற்றடங்கிய மாதங்களில் வடபுலத்து நிலக்கரி மின்சாரம் அதன் வழியே தெற்கே செல்லும். ஆடியில் காற்று மிகுந்தால் அதே கம்பியில் மின்சாரம் வடக்கே திரும்பி வர இயலும். சரக்கு கொண்டுபோன வண்டி வெறும் பெட்டிகளோடு திரும்பாத ஏற்பாடு என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.