சாக்கும் கிறீஸும்: கிழக்குக் கரையில் மறைந்த முகங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் முகத்தை மறைப்பதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று கூத்துக் களரியில் நடந்தது, மற்றது தெருவிலும் அகதி முகாமிலும்.

மட்டக்களப்புக் கூத்தர் வர்ணம் பூசித் துரியோதனனாகவும் துச்சாதனனாகவும் விடியவிடிய ஆடுவர். கூத்து ஆசானான அண்ணாவியாரின் தாளத்தை மீறி எந்த அரக்கனும் ஆட முடியாது. கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் பாரதச் சடங்கு தீமிதிப்போடு முடிகிறது. தெற்கே சிங்களவரின் பதினெட்டு சன்னிச் சடங்கில், நோய் கொண்டுவரும் பேய்கள் முகமூடியுடன் உறுமிக்கொண்டு வரும். பிறகு பகிடி பேசி, படையலை வாங்கிக்கொண்டு போய்விடும். தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் நிலைமை இன்னும் கடுமை. பாகவத மேளத்து நரசிம்ம முகமூடி பூசைக்குரியது. அணிபவர் அதற்கு முன் விரதம் இருப்பார். அணிந்தபின் ஆவேசம் ஏறி இரணியன்மேல் பாய்வார் என்பதால் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். ஆவேசம் உண்மையோ நடிப்போ, முகமூடிக்குள் இருப்பவர் யாருடைய மகன் என்பது ஊருக்குத் தெரியும்.

தெருவில் அது தெரியாது. 1980களில் வடகிழக்கின் சுற்றிவளைப்புகளில் தலையாட்டி வந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையில் நடத்தப்படும் இளைஞர்களைப் பார்த்து அவன் தலையசைத்தால், சுட்டப்பட்டவர் வீடு திரும்புவது நிச்சயமில்லை. இலங்கைப் படையினரும் இந்திய அமைதிப்படையினரும் இந்த முறையைக் கையாண்டனர். 1987–89 ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் தென்பகுதிச் சிங்களவர் அதே சாக்குக்காரனைக் கோனி பில்லா என்றார்கள். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் முகம் மறைத்தவர்கள் முன்னால் நடத்தப்பட்டனர். பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. தலையாட்டிக்கு வெறி எதுவும் தேவைப்படவில்லை. அடிதாங்காமல் சாக்குக்குள் புகுந்தவனும் உண்டு, பழிதீர்க்கப் புகுந்தவனும் உண்டு. வெளியே இருவரும் ஒன்றுதான்.

முகமறைப்பு மனிதரை என்ன செய்கிறது என்பதை உளவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1973இல் ஆர். ஐ. வாட்சன் 23 சமூகங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, போருக்கு முன் வர்ணமோ முகமூடியோ தரித்தவர்களே எதிரியைச் சித்திரவதை செய்வதில் பெரிதும் முன்னின்றனர் எனக் கண்டார். 1976இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் சியாட்டிலில் ஹாலோவீன் இரவு வேடமிட்டு வந்த 1,352 சிறுவர்களில் பெயர் கேட்கப்படாதவர்களே மிட்டாயும் காசும் அதிகம் திருடினர். ஆனால் 1979ஆம் ஆண்டுச் சோதனை கதையை மாற்றியது. அடையாளம் மறைத்துத் தாதியர் உடை போட்டவர்கள், பிறருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆக, மறைப்பு மட்டும் மிருகத்தை அவிழ்த்துவிடுவதில்லை. போட்ட வேடம் எதைக் கேட்கிறதோ அதையே செய்யத் துணிவு தருகிறது.

2011 ஓகஸ்டில் கிறீஸ் மனிதன் வந்தான். கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்றும் பெயர். பிடித்தால் வழுக்கிப்போக உடம்பில் எண்ணெய் பூசுவது பழைய கள்வர் தந்திரம். இம்முறை பூசியவன் பெண்களைத் தாக்குகிறான் என்று பேச்சு. அது நோன்பு மாதம். ஆண்கள் பள்ளிவாசலில் தராவீஹ் தொழும் நேரத்தில் வீடுகளில் பெண்கள் தனித்திருந்தனர். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கரையோர ஊர்களெங்கும் பீதி பரவியது. இளைஞர்கள் பொல்லுகளோடு இரவுக்காவல் நின்றனர். துரத்தப்பட்டவன் படை முகாமுக்குள் ஓடி மறைந்தான் என்ற குற்றச்சாட்டுப் பல இடங்களில் எழுந்தது, படைத்தரப்பு மறுத்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த மண்ணில் அந்த மறுப்பை நம்ப ஆளில்லை.

கும்பல்களும் உயிர்களைப் பறித்தன. மலையகத்தில் ஹல்துமுல்லைப் பகுதியில், கிறீஸ் மனிதர் எனச் சந்தேகிக்கப்பட்ட இருவரைக் கூட்டம் கொன்றது. ஓகஸ்ட் 21ஆம் திகதி புத்தளத்தில் பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். அடித்தவர்களின் முகத்தில் வர்ணமோ சாக்கோ இல்லை. இருட்டும் கூட்டமும் அந்த வேலையைச் செய்தன.

அவசரகாலச் சட்டம் அந்த மாத இறுதியில் நீங்கியது. முகந்தெரியாதவன் மீதான அச்சம் நீங்கவில்லை: 2013 நவம்பரில் நிந்தவூரில் இரவு நடமாட்டம் குறித்த சந்தேகம் மீண்டும் மக்களையும் பாதுகாப்புத் தரப்பையும் மோதவைத்தது, ஊரில் கடைகள் மூடப்பட்டன.