இந்திய வணிக, முதலீட்டுக் கொள்கையில் சுற்றுச்சூழல் நடவடிக்கைகள்

இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதி, தொழில் முதலீடு ஆகியவற்றை நெறிப்படுத்தும் சட்டங்களிலும் ஆணைகளிலும், நிலம், நீர், காடு, உயிரினங்கள் ஆகியவற்றைக் காப்பதற்காக இடம்பெற்ற தடைகள், உரிமங்கள், தர விதிகள் ஆகியன இத்தலைப்பில் அடங்கும். இவை ஒரே சட்டத்தில் தொகுக்கப்பட்டவை அல்ல. வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம் 1972, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986, வெளிநாட்டு வணிக (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் 1992 ஆகியவற்றின் கீழ்ப் பல அமைச்சகங்கள் பிறப்பித்த அறிவிக்கைகளில் பரவிக் கிடக்கின்றன. இவற்றுள் முக்கியமானவை வணிகத் துறை தானாக வகுத்தவை அல்ல. வாங்கும் நாடுகளின் நிபந்தனையாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ வந்தவை. தோல் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

தொடக்கம்

1947ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாடு) சட்டம் தட்டுப்பாட்டையும் அந்நியச் செலாவணியையும் மட்டுமே கருதியது. 1972இல் ஸ்டாக்ஹோமில் சுற்றுச்சூழல் பற்றிய ஐ.நா. மாநாடு நடந்த ஆண்டிலேயே வனவுயிர்ச் சட்டம் நிறைவேறியது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் இணைந்தது. அதே ஆண்டு 42ஆவது திருத்தத்தின் வழியே, சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் பொறுப்பாக்கும் 48அ பிரிவு அரசமைப்பில் சேர்ந்தது. 1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின்னரே, மத்திய அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

தோல் ஏற்றுமதி

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போயிற்று. பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும், திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, பல்லாவரம் பகுதிகளிலும் ஆலைகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வேரூன்றியது. சென்னைக் குரோம்பேட்டை அம்முறையைக் கையாண்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர். பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது.

தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, 1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும் அரைப்பதத் தோலுக்கு அளவு வரம்பும் விதித்தது. மூலப்பொருளாகப் போவது முழுப்பதத் தோலாகவும் காலணியாகவும் போனால் கூடுதல் செலாவணி கிடைக்கும் என்பது கணக்கு. கணக்குப் பலித்தது. ஆனால் அதுவரை பிற நாடுகளில் நடந்த சாயமேற்றலும் மெருகேற்றலும் அவற்றின் கழிவோடு இங்கே வந்து சேர்ந்தன. சுற்றுச்சூழலைச் சற்றும் கருதாத இந்த வணிக ஆணையே பாலாற்றுப் படுகையின் நிலையைப் பிந்தைய எந்தச் சூழல் விதியையும்விட மிகுதியாகத் தீர்மானித்தது.

பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகிறது. ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. ஆற்றில் விட்டால் ஆற்றுக்கும், நிலத்தில் விட்டால் கிணற்றுக்கும் போகிறது.

வெளிநாட்டு அழுத்தம் வேறொரு திசையில் வந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989 இறுதியில் தடை செய்தது. புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களுக்கு எதிரான விதியை 1994இல் பிறப்பித்தது. இந்தியத் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை என்பதால், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஏற்றுமதியாளர்களும் மாற்று வேதிப்பொருள்களைத் தேடினர், சோதனைக்கூடங்கள் எழுந்தன. பென்சிடின் சார்ந்த 42 சாயங்கள், பிற அசோ சாயங்கள் 70 என மொத்தம் 112 சாயங்களை 1990களில் இந்திய அரசும் தடை செய்தது. சோதனையில் தவறினால் சந்தையே போய்விடும் என்பதால் இவ்விதிகள் விரைந்து பலன் தந்தன. எனினும் அவை காத்தது காலணியை அணிபவரின் உடலை. பாலாற்றங்கரைக் கிணற்று நீரைப் பற்றி அவை கேட்கவே இல்லை.

அதைக் கேட்டது உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வும், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுற்றன என்ற ஆய்வும் தீர்ப்பில் இடம்பெற்றன. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுவதையும் வேலை தருவதையும் ஏற்ற நீதிமன்றம், அதனால் சூழலை அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்றது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே ஈடுதர வேண்டும் என்ற கொள்கையும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, இழப்பீட்டை முடிவு செய்யத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவியபின் குரோமியம் குறைந்தது. சேறும் உப்பும் சிக்கலாகவே நீடித்தன. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் இத்தகைய நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்கவும் அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே உழவர்கள் இழப்பீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது நியாயமன்று.

இறால்

1996 டிசம்பரில் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளைப் பதிவுக்கு உட்படுத்தியது; ஆனால் தீர்ப்பின் வலிமையை நீர்க்கச் செய்தது. கடலில் பிடிக்கும் இறாலில் சிக்கல் வேறு. ஆமைகளை விலக்கும் கருவி இல்லாத வலைகளால் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்ததற்கு எதிராக, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவை உலக வணிக அமைப்பில் வழக்காடின. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்புடையது, நடைமுறைப்படுத்திய விதம் பாகுபாடானது என்றது.

பிற தடைகள்

செம்மரம், சந்தனம் ஆகியவற்றின் ஏற்றுமதி கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. கடலட்டைகள் 2001இல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தபின் மன்னார் வளைகுடாவில் அவற்றைப் பிடிப்பது குற்றமாயிற்று. தீங்கான கழிவுகளைப் பற்றிய பாசல் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்கு 2019இல் தடை வந்தது.

முதலீடு

1991 தொழிற்கொள்கை உரிமமுறையைப் பெரிதும் தளர்த்தியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் எல்லையிலிருந்து 25 கி.மீ.க்கு அப்பால் மாசுதரும் ஆலைகள் அமைய வேண்டும் என்ற விதியை வைத்தது. இவ்விதி நகரத்து மாசைச் சிற்றூர்களுக்கு நகர்த்தியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் கட்டாயமாகி, 2006இல் திருத்தி எழுதப்பட்டது.

இன்றைய நிலை

2023 வெளிநாட்டு வணிகக் கொள்கை பசுமைத் தொழில்நுட்பப் பொருள்களுக்குச் சில சலுகைகளைத் தருகிறது. ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்க நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வணிகமும் நீடித்த வளர்ச்சியும் பற்றிய இயல் உண்டு. இரும்பு, எஃகு, அலுமினியம் முதலியவற்றின் மீது ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த எல்லைக் கரிமக் கட்டண முறை 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்தது.