ஊருக்குள் நாம் இழுத்த கோடு

பாரிஸில் ஒரு மாணவி. பதினாறாம் வட்டாரத்தில் வீடு. ஒரு வருடம் முழுக்க அவர் எங்கெல்லாம் போய் வந்தார் என்பதை வரைபடத்தில் கோடு கோடாக இழுத்துப் பார்த்தார், போல்-ஆன்ரி ஷொம்பார் த லோவ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர். 1952-ல் வெளியான அவருடைய நூலில் அந்தப் படம் இருக்கிறது. வீடு, அரசியல் படிக்கும் கல்லூரி, பியானோ வாத்தியார் வீடு. மூன்றையும் சேர்த்து ஒரு சின்ன முக்கோணம். அதைத் தாண்டி அங்கங்கே சில கோடுகள். அவ்வளவுதான்! அத்தனை பெரிய பாரிஸில் அவர் புழங்கிய ஊர் அது.

இதைப் பார்த்துக் கொதித்தவர் கி தெபோர். ஒருவருடைய வாழ்க்கை இத்தனை குறுகலாகவா இருக்கும் என்று 1950-களில் எழுதினார். வேலை, வழக்கம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, ஊர் இழுக்கும் பக்கம் நடந்து பாருங்கள் என்பது அவரும் நண்பர்களும் சொன்ன வைத்தியம்.

கால் நடந்ததை இப்படி வரையலாம். காது கேட்டதை? கனடாவின் வான்கூவரில் மரி ஷேஃபர் என்ற இசையமைப்பாளரின் குழு டேப் ரெக்கார்டரோடு கிளம்பி, ஊரின் ஒலிகளை 1973-ல் இசைத்தட்டாகவே வெளியிட்டது. 1996-ல் அதே ஊரின் ஒலிகள் மறுபடியும் குறுந்தகடாக வந்தன. இடையில் ஊர் எப்படி மாறியது என்பதை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த திருப்பம் வானத்திலிருந்து வந்தது. ஜி.பி.எஸ். சிக்னலில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தது. தெருவைத் தெருவாகவே அடையாளம் காண முடிந்தது.

2002 அக்டோபர், நவம்பரில் எஸ்தர் போலக்கும் வாக் அமைப்பும் ஆம்ஸ்டர்டாம்வாசிகளிடம் இந்தக் கருவியைக் கொடுத்தார்கள். கருப்புத் திரை. அதில் தெருப்பெயரும் கிடையாது, கட்டடமும் கிடையாது. ஆட்கள் போகப் போகக் கோடு வளரும். பலர் போன வழி அழுத்தமாகத் தெரியும். சில வாரங்களில், நகர அளவையாளர் யாரும் வரையாமலே ஆம்ஸ்டர்டாம் தெரிந்தது!

2004-ல் கிறிஸ்டியன் நோல்ட் இன்னொரு படி போனார். ஜி.பி.எஸ்.ஸோடு, விரலில் மாட்டும் ஒரு சின்னக் கருவி. மனம் பரபரத்தால் லேசாக வியர்க்குமே, அப்போது தோலின் மின்கடத்தும் தன்மை மாறும். பொய் கண்டுபிடிக்கும் கருவியிலும் இதே உத்திதான். லண்டன் கிரீன்விச்சில் 2005-06-ல் எண்பது பேர் இதை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். வரைபடத்தில் சில இடங்களில் மேடு மேடாக எழுந்தது. ஆனால் லாரி உரசிப் போனதா, பழைய நண்பர் எதிரே வந்தாரா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? நடந்தவரையே உட்கார வைத்துக் கேட்டு எழுதினார்கள். அந்த வரைபடத்துக்கு அர்த்தம் வந்ததே அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

இதுவரை சொன்ன ஜி.பி.எஸ். கதைகளில், கோடு போட்டவருக்குக் கோடு போடுவது தெரியும். இன்றைக்கு அப்படியா? பையில் கிடக்கும் போன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிப் பயிற்சி செய்த வீரர்களின் தடம் ராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் செய்தியானது. வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடியும் நம் கோடும் அப்படித்தான், நம் முகவரியைச் சொல்லிவிடும். கூகுள் மேப்ஸின் டைம்லைன் பதிவை இனி போனிலேயே வைப்போம் என்று அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கவலையும் உண்டு. நம் போனில் எது பதிவாகிறது, யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை அமைப்புகளில் போய்ப் பார்ப்பது நல்லது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முக்கோணம். பிழைப்புக்காக வேற்று ஊர் வந்த நமக்கு அது நன்றாகவே பழக்கம்: வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளி. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் அம்மாவுக்கு? கோயில், காய்கறிக் கடை, எதிர் பிளாட். மொழி தெரியாததால் அதைத் தாண்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, இந்த ஊரில் தாங்கள் போகும் வழிகளை வரையச் சொல்லிப் பாருங்கள். எங்கே நல்ல வாசனை, எங்கே நாய் பயம், எங்கே தமிழ் கேட்டது என்று பக்கத்திலேயே எழுதட்டும். நோல்ட் கருவி வைத்துச் செய்ததில் பாதி அதிலேயே வந்துவிடும். யாருடைய முக்கோணம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதோ, அடுத்த ஞாயிறு அவர் சொல்லும் பக்கம் எல்லோருமாகப் போய் வரலாமே!