கதவடைத்த வங்கியும் கங்காணியின் துண்டும்

ஹட்டன் நகரின் பெயரைத் தாங்கி, இன்று நாடெங்கும் கிளை பரப்பி நிற்கும் வங்கியை அறியாத இலங்கையர் இருக்க முடியாது. அதன் தலைமையகம் கொழும்பில் வானளாவி நிற்கிறது. ஆனால் அது பிறந்தது மலைநாட்டில். 1888ஆம் ஆண்டு ஆர். டி. பாங்க்ஸ், ஏ. டி. அட்கின் என்ற வெள்ளையர் இருவர், சுற்றுப்புறத் தோட்டத் துரைமாரின் கொடுக்கல் வாங்கலுக்காக ஹட்டனில் தொடங்கிய சிறிய தனியார் வங்கி அது. (வங்கி தொடங்கியவரின் குடும்பப் பெயரே பாங்க்ஸ் என்று அமைந்தது ஒரு வேடிக்கை.) 1948இல் பிரவுன் கம்பனியின் கைக்கு மாறி, 1970இல் கிரின்ட்லேஸ் வங்கியின் கண்டி, நுவரெலியா கிளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஹட்டன் நஷனல் வங்கி என்ற பெயரில் அது மறுபிறவி எடுத்தது.

பழைய நாணயத்தாள் சேகரிக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அக்காலத்தில் வங்கிகள் தத்தம் பெயரிலேயே நோட்டு அச்சிட்டனவே, ஹட்டன் வங்கியும் அச்சிட்டதா? இல்லை. நான்கு ஆண்டுகள் பிந்திப் பிறந்த வங்கி அது. 1884இலேயே அந்தக் கதவு சட்டப்படி மூடப்பட்டுவிட்டது. மூடப்பட்டதற்குக் காரணம் மலைநாட்டின் கோப்பி.

வங்கி நோட்டு என்பது அன்று அரசின் பணமாக இருக்கவில்லை; ஒரு தனியார் கம்பனி எழுதிக்கொடுத்த கடன் சீட்டாகவே இருந்தது. இதை நீட்டுபவருக்கு இத்தனை நாணயம் கேட்டவுடன் தருவோம் என்று வங்கி கையொப்பமிட்டுக் கொடுக்கும். அந்தக் கையொப்பத்தின் மீது ஊருக்கு நம்பிக்கை இருக்கும்வரை தாள் கைமாறிக்கொண்டிருக்கும். வங்கிக்கு இதில் நல்ல இலாபம். வெளியே உலவும் ஒவ்வொரு தாளும் ஊரார் அதற்கு வட்டியின்றிக் கொடுத்த கடன்.

1841இல் ‘பாங்க் ஒவ் சிலோன்’ என்ற பெயரில் ஒரு வங்கி இங்கே தோன்றியது. இன்றைய அரச வங்கிக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. பம்பாயில் பிறந்து இலண்டனுக்குப் பெயர்ந்திருந்த ஒரியண்டல் வங்கி அதனை விழுங்கி, 1851இல் அரச சாசனமும் பெற்று, ‘ஒரியண்டல் பாங்க் கோப்பரேஷன்’ ஆனது. அடுத்த முப்பது ஆண்டுகள் இலங்கைக் கோப்பியின் கருவூலம் அதுவே என்றால் மிகையாகாது. நோட்டு வெளியிட்ட வங்கி வேறொன்றும் இருந்தது. சார்ட்டட் மேர்க்கன்டைல் வங்கி. ஆயினும் கோப்பியோடு தன் தலைவிதியை இறுகக் கட்டிக்கொண்டது ஒரியண்டல்தான்.

தாளின் தேவை மலைநாட்டில் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 1872 முதல் இலங்கையின் சட்டபூர்வக் கணக்கு ரூபாவும் சதமும். ரூபா என்றால் இந்திய வெள்ளி ரூபா. ஆயிரம் ரூபாவின் நிறை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியை எட்டி அங்கேயே பத்தாண்டுகள் நின்றுவிட்டது. அதற்கப்பால் டிக்கோயா, டிம்புள்ள, மஸ்கெலியா என்று சிதறிக் கிடந்த தோட்டங்களுக்குக் கூலிப்பணம் வண்டியிலும் ஆள் தலையிலும் ஏறவேண்டும். இந்தப் பாரத்தோடு ஒப்பிட்டால் சட்டைப்பையில் அடங்கும் ஒரு தாள் துரைக்கு வரப்பிரசாதம்.

தொழிலாளிக்கு அப்படியல்ல. 1880களில் ஓர் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் அளவில் இருந்தது. ஐந்து ரூபா நோட்டு ஒன்று அவன் பதினைந்து நாள் உழைப்பு. அந்தக் கூலியும் முழுதாகக் கைக்கு வந்ததில்லை. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கழியும், கங்காணியிடம் பட்ட முன்பணம் கழியும். மிஞ்சியதை அவன் வெள்ளியாகவும் செம்புச் சதமாகவுமே விரும்பினான். திருச்சிராப்பள்ளியிலோ புதுக்கோட்டையிலோ உள்ள தன் ஊரில் செல்லக்கூடியது வெள்ளி ரூபாதானே? ஒரியண்டல் வங்கியின் தாளை அங்கே யார் வாங்குவார்?

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடியாக ஒரு பூஞ்சணம் தென்பட்டது. ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். துரைமார் முதலில் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தபோது ஏன் பொருட்படுத்தப் போகிறார்கள்? விலையும் ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறையக் குறைய இன்னும் காடழித்து, இன்னும் உயரத்தில் நட்டார்கள். நட்டதெல்லாம் கடனில். கொழும்பு ஏஜன்சிக் கம்பனிகள் துரைக்கு முன்பணம் கொடுத்தன. கம்பனிகளுக்கு வங்கி கொடுத்தது. அடமானமாக நின்றது நோய் பிடித்த செடியும் அது வேரூன்றிய மண்ணும். இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் வந்து இரண்டாண்டு ஆராய்ந்து, பூஞ்சணத்தின் வாழ்க்கைச் சக்கரத்தைத் துல்லியமாக விளக்கினார். விளக்கம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

1884 மே 3, சனிக்கிழமை. இலண்டனில் ஒரியண்டல் வங்கி கொடுப்பனவுகளை நிறுத்தியது. மொரீஷியஸின் சீனியிலும் இலங்கையின் கோப்பியிலும் முடங்கிப்போன கடன்கள் அதன் கழுத்தை நெரித்திருந்தன. தந்திவழிச் செய்தி கொழும்பை அடைந்தபோது, இலங்கை மக்களின் கைகளில் இருந்த நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கியினுடையது. கடைக்காரரும் செட்டியாரும் அரசாங்க எழுத்தரும் வைத்திருந்த பணம் ஒரே நாளில் வெறுங் காகிதமாகும் நிலை.

அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன். இலண்டனின் முன் அனுமதிக்குக் காத்திராமல், வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். துணிச்சலான செயல், சரியான செயலும்கூட என்பதே என் கருத்து. கலவரம் அடங்கியது. ஆனால் அந்த உத்தரவாதம் தாளுக்கு மட்டுமே என்பதைக் கவனிக்கவேண்டும். வைப்பிலிட்டவர்கள் கடன்காரர் வரிசையில் நின்று, கலைப்பில் கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளும்படி விடப்பட்டார்கள். ‘நியூ ஒரியண்டல்’ என்று வங்கி புதுப்பெயர் சூட்டிக்கொண்டு எழுந்து, 1892இல் மறுபடியும் விழுந்தது தனிக்கதை.

அதே 1884இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று 32ஆம் இலக்க நாணயத்தாள் சட்டம். நோட்டு வெளியிடும் உரிமை வங்கிகளிடமிருந்து எடுக்கப்பட்டு, நாணய ஆணையாளர் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1885 முதல் வெளிவந்தவை இலங்கை அரசாங்கத்தின் நோட்டுகள். 1950இல் மத்திய வங்கி உருவாகும்வரை அந்தச் சபையே நாணயத்தைக் கவனித்தது.

மற்றது 16ஆம் இலக்கச் சட்டம். கோப்பித் தோட்டத் தொழிலாளரின் கூலி பற்றியது. வங்கி வரலாறு எழுதுவோர் இதைத் தொடுவதே இல்லை. கோப்பி சரிந்தபோது பல தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி நிலுவை. அடமானம் பிடித்தவர் தோட்டத்தை விற்றுத் தம் பணத்தை எடுத்துக்கொண்டால், செடிக்குக் கவ்வாத்து வெட்டியவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எனவே, தோட்டத்தின் மீதான முதல் பாத்தியதை தொழிலாளியின் கூலிக்கே என்று இந்தச் சட்டம் விதித்தது. நல்ல சட்டம். ஆயினும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் மனம் உறுத்துகிறது. நோட்டு வைத்திருந்தவர் அதைக் காட்டினால் போதும், அரசாங்கம் பொறுப்பு. கூலி பாக்கி உள்ளவனோ வழக்காடவேண்டும். மலையிலிருந்து இறங்கி நீதிமன்றப் படியேறி, தனக்குப் புரியாத மொழியில் வாதாடி, துரைக்கெதிராகத் தீர்ப்பு வாங்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

அவர்கள் பெயரால் உலவிய ஒரு தாளும் இருந்தது. அதற்குப் பெயர் துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்கு இன்ன தொகை கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை தொகையைக் கட்டுவான். ஆட்கள் இடம் மாறுவார்கள். கடன் அவர்களோடு கூடவே போகும். பெரும்பாலும் சற்றுக் கூடியே போகும். வங்கி நோட்டைப்போலவே இதுவும் கையொப்பமிட்ட வாக்குறுதிதான், கையிலிருந்து கைக்குப் போனதுதான். நோட்டின் பின்னால் வெள்ளி இருந்தது. துண்டின் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். 1884இல் ஒழிக்கப்பட்டது முதலாவது வகைத் தாள். இரண்டாவது, கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் இன்னும் செழித்தது. ஆள் தட்டுப்பாடு ஏற ஏறத் துண்டில் எழுதப்பட்ட தொகையும் ஏறியது.

வங்கி விழுந்த மறுமாதம், 1884 ஜூனில், புகையிரதம் ஹட்டனை எட்டியது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867இல் நட்ட தேயிலை, பட்டுப்போன கோப்பிச் சரிவுகளெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளில் பாங்க்ஸும் அட்கினும் வந்து கதவு திறந்தார்கள். மாதம் தவறாமல் கொழுந்து பறிக்கும் தேயிலைக்கு மாதம் தவறாமல் காசு வேண்டும். ஹட்டன் போன்ற ஓர் ஊரில் வங்கி பிழைத்ததன் இரகசியம் இதுவே. அது துரைமாருக்குக் கொடுத்தது அரசாங்க நோட்டும் நாணயமும்தான், தன் பெயர் பொறித்த தாள் அன்று.

ஒரு ரூபா, இரண்டு ரூபா நோட்டுகள் முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல்தான் அச்சாகின. தோட்டத் தொழிலாளியின் கூலி அளவுக்கு இறங்கிவந்த முதல் தாள்கள் அவை. துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது அதற்கும் நான்கு ஆண்டுகள் பின்னர், 1921இல்.