உமிக்கரியும் சிமெண்ட் பர்மிட்டும்

சின்ன வயசில் அம்மாச்சி வீட்டில் உமிக்கரியில்தான் பல் துலக்குவோம். அது இப்போது நினைவுக்கு வரக் காரணம், நான் பிழைக்க வந்த இந்தக் கர்னால் பக்கத்து ரைஸ் மில்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சாம்பல் மேடு. காற்றடித்தால் துணி காயப்போட முடியாது.

நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும். அதை இந்த சிலிக்கா பிடித்துக்கொண்டு மறுபடி பசையாக்கும். புது வித்தையொன்றும் இல்லை. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்தது இதைத்தான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் சுண்ணாம்பு-சுர்க்கியிலும் இதே கதைதான், அங்கே செங்கல் தூள்.

ஆனால் உமிக்கு ஒரு குணம் உண்டு. 700 டிகிரிக்குள் எரித்தால்தான் சிலிக்கா சுறுசுறுப்பாக இருக்கும். சூடு மீறினால் படிகமாகிச் சோம்பிவிடும். அரைகுறையாக எரிந்தால் கரி தங்கிவிடும் (பல் துலக்க மட்டும் ஆகும்). 1970-களில் பெர்க்லியில் பேராசிரியர் பி.கே. மேத்தா இதை ஆராய்ந்து காப்புரிமையும் வாங்கினார். நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் பி.சி. கபூர், உமியைப் பக்குவமாக எரிக்கக் கூடை மாதிரி ஓர் எளிய அடுப்பையே வடிவமைத்தார்.

அது எந்தக் காலம்? சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி அலைந்த காலம். வீடு கட்டிய அப்பாக்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுக்கப் போனது. மூட்டை கடையில் கிடைத்ததும் உமிச் சாம்பல் மீதிருந்த ஆர்வமும் தணிந்தது என்பது என் கணிப்பு. அனல்மின் நிலையச் சாம்பல் ஒரே இடத்தில் டன் டன்னாகக் கிடைக்கும். ஊருக்கு ஊர் மாறும் உமிச் சாம்பலால் அதோடு போட்டி போட முடியவில்லை. ஆனாலும் ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் உமிச் சாம்பலுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு பத்தியை நம்பித்தான் நான் களத்தில் குதித்தேன். மில் கொதிகலன் சாம்பலைச் சலித்து, சிமெண்டில் 15 சதவீதத்துக்குப் பதிலாகப் போட்டு, காவலாளி அறைக்கான கலவையில் கியூப் போட்டுப் பார்த்தேன். கலவை குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. 28-ஆம் நாள் அழுத்திப் பார்த்தால், வேண்டிய வலுவில் முக்கால் பங்குகூட வரவில்லை. கொதிகலனின் சூடு என்ன என்று மில்லில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சாம்பலை நன்றாக அரைத்திருக்கவும் வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

"உங்க ஊர் பல்பொடியைக் கலந்துட்டீங்களா?" என்றார் மேலாளர், ஹிந்தியில். அறையை வெறும் சிமெண்டிலேயே கட்டி முடித்தோம். உடையாத கியூப் ஒன்று மிச்சமிருந்தது. அலுவலகக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறேன்.