ரேடியோ நெல்லும் அக்கா படிச்ச கதையும்

நெல்லுக்கே ‘ரேடியோ’ன்னு பேர் வெச்ச சீமை எங்களோடது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை அதற்குக் கொடுத்த பெயர் ஏ.டி.டி. 27. ஜப்பான் நெல்லையும் நம்ம ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த குறுவை நெல். 1966 வாக்கில் திருச்சி வானொலியில் விவசாய ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதில் இந்த ரகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரேடியோவில் கேட்டு விதைத்ததால் தஞ்சாவூர் ஜில்லாவில் அது ‘ரேடியோ நெல்’ ஆகிவிட்டது.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதே ரேடியோ எங்க வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதை இன்னிக்கு எழுதணும்னு தோணுது.

திருச்சி நிலையம் தொடங்கியது 1939-ல். எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தது பஞ்சாயத்து ரேடியோ வழியாகத்தான். சாவடிக்குள் பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர். சாயந்திரம் ஆம்பளைங்க எல்லாம் துண்டை விரிச்சுப் போட்டு உட்கார்ந்துடுவாங்க. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. “காதுல விழுந்தது வரப்பு தாண்டறதுக்குள்ள மறந்துடுதுடா, நீ எழுதிக்க” என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் அப்போது மூணாங் கிளாஸ். உரம் எவ்வளவு, நாற்று எத்தனை நாள் என்று பென்சிலால் கிறுக்குவேன். மறுநாள் வயலில் நின்று அதை வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் தப்பாகப் படித்தால் பிரம்படியோடு போச்சு. இங்கே தப்பாகப் படித்தால் வயல்ல தெரியும். அதனால் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிக்கப் பழகினேன்.

அக்கா கதை வேற. என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு ரெண்டாங் கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் குழந்தையோடு மிராசுதார் வீட்டுத் திண்ணை ஓரம் போய் நிற்பாள். அங்கே தனி ரேடியோ உண்டு. இலங்கை வானொலி எங்க பக்கம் கணீர்னு கேட்கும்.

அந்தக் காலத்து ரேடியோவில் எனக்குப் பிடித்த விஷயம், பிள்ளைகளிடம் பேசினவர்கள் எல்லாம் உறவுக்காரர்களாக வந்தார்கள். இலங்கையில் சரவணமுத்து ‘வானொலி மாமா’. சென்னையில் கூத்தபிரான் ‘வானொலி அண்ணா’. வாத்தியார் என்று யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளையும் மாமாவிடம் கதை கேட்கலாம் இல்லையா?

ஒருநாள் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் நடவு. அக்காவால் போக முடியவில்லை. ரேடியோவிடம் ‘இன்னொரு தடவை சொல்லு’ன்னு கேட்க முடியாது. ராத்திரி என்னிடம், “தம்பி, அது புஸ்தகத்துல இருக்குமாடா?” என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஜில்லாவின் இன்னொரு பெருமையைச் சொல்லணும். 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற இன்ஜினியர் மாட்டு வண்டியில் நூலகம் தொடங்கினார். புத்தகம் ஊர் ஊராகப் போனது. எங்கள் காலத்தில் அந்த வண்டி இல்லை. ஆனால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்திருந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி, கிளை நூலகங்கள் திறந்தார்கள். எங்களுக்கு அது மூணு மைல். நடந்து போய்த் தேடினேன். அந்தக் கதை கிடைக்கவில்லை. படம் போட்ட வேறொரு கதைப் புத்தகம் எடுத்து வந்தேன்.

அக்கா அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, மறந்துபோன எழுத்துகளை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். முதல் பக்கத்துக்கே நாலு நாள் ஆச்சு. முடிக்க ரெண்டு மாசம். நடுவில் அபராதம் கட்ட அம்மா முட்டை வித்தாங்க.

ரேடியோ அக்காவுக்கு எழுத்து சொல்லித் தரவில்லை. பசியைத்தான் கிளப்பியது. நடந்து போகிற தூரத்தில் புத்தகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பசி அப்படியே அடங்கிப்போயிருக்கும்.

நகரத்தில் இருக்கிறவர்கள் இப்போது பிள்ளைகளுக்கு செல்போனில் கதை போட்டு விடுகிறீர்கள். நல்லதுதான். பாதியில் நிறுத்திவிட்டு மீதியைப் புத்தகமாகக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அக்காவுக்கு இப்போ அறுபத்தெட்டு வயசு. போன வாரம் கூட்டுறவு சங்கத்தில் ஒரு தாளை நீட்டி மைப்பெட்டியைத் தள்ளினார்கள். அக்கா மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். முழுசும் படிச்சு முடிச்ச பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.