தென்பெண்ணை வெள்ளமும் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டரும்

ஓசூர் என்றதும் சிப்காட் தொழிற்பேட்டையும் ரோஜாப்பூவும்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இந்த ஆறு, பெங்களூருக்குக் கிழக்கே வந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, அடுத்து கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே கடல். பெங்களூரில் கனமழை என்றால் கெலவரப்பள்ளியில் நீர்வரத்து கூடும். கூடவே அந்த நகரத்தின் கழிவும் நுரையாகப் பொங்கி வரும். ஆக, மழை பெய்வது ஒரு மாநிலத்தில், ஷட்டர் திறப்பது இன்னொரு மாநிலத்தில்!

அணைகள் வருவதற்கு முன்பு ஏரிகள்தான் வெள்ளத் தடுப்பு. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். கரையைப் பலப்படுத்துவதும் கால்வாய் தூர்வாருவதும் ஊர் மக்களின் வேலை. இதற்குப் பெயர் குடிமராமத்து. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. ஏரி உடையும் ஆபத்து வந்தால் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது கிருஷ்ணகிரி அணை. 1957 நவம்பரில் முதல்வர் காமராஜர் திறந்து வைத்தார். உயரம் 52 அடி, எட்டு ஷட்டர்கள். சுமார் 9,000 ஏக்கர் பாசனம்.

சரியாக 60 வருடம் கழித்து, 2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரத்தில் முதல் ஷட்டர் உடைந்தது. கடலூர் வரை கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. ஷட்டரைச் சரிசெய்ய நீர்மட்டத்தை 32 அடிக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. விவசாயிகள் நம்பியிருந்த 20 அடித் தண்ணீர் வீணாக ஆற்றில் போனது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஏழு ஷட்டர்களும் மாற்றப்பட்டன.

வணிகவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு இயந்திரம் வாங்கினால் அது வருடா வருடம் தேயும் என்று கணக்கில் எழுத வேண்டும். அதை மாற்றப் பணமும் ஒதுக்கி வைப்பது நல்ல நிறுவனத்துக்கு அழகு. ஆனால் அணை திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் கவனம், அதன் தேய்மானத்துக்குக் கிடைப்பதில்லை.

அணை மட்டும் போதாது என்பதை 2024 ஃபெஞ்சல் புயல் காட்டியது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் நிலையம் அருகே நின்ற வண்டிகளை அடித்துச் சென்றது. அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டதால் கீழே உள்ள ஊர்களும் மூழ்கின.

பழைய கலங்கலும் கால்வாயும் அடைபட்டுக் கிடந்தால், எத்தனை புது ஷட்டர் போட்டாலும் ஊத்தங்கரை போன்ற ஊர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஷட்டருக்கு ஒதுக்கும் நிதியைப் போலவே தூர்வாருவதற்கும் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் நிரந்தர இடம் வேண்டும். உடைந்த பிறகு செய்யும் செலவை விட அது நிச்சயம் குறைவாகவே இருக்கும்.